மரத்தூளில் சிப்பிக் காளான்: தவிடு எவ்வளவு, வேக்காடு எவ்வளவு?

கேள்வி: எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். 2 வருடமாக வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன், நன்றாகவே வருகிறது. ரப்பர் தடி அறுக்கும் மில் அருகில் இருப்பதால் மரத்தூள் எளிதாகக் கிடைக்கிறது. தவிடு சேர்த்தால் விளைச்சல் கூடும் என்றார்கள். நாலில் ஒரு பங்கு அரிசித் தவிடு கலந்து சாக்கில் கட்டி, வைக்கோலுக்குச் செய்வது போலவே 80 டிகிரி வெந்நீரில் 1 மணி நேரம் வைத்துப் பை போட்டேன். 10 பையில் 7 பை ஒரே வாரத்தில் பச்சை பிடித்துவிட்டது. 2 பையில் புளித்த வாடை. அதே காளான் வித்தில் போட்ட வைக்கோல் படுக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கே தவறு? ஷிடேக் காளானும் இதில் வளர்க்க முடியுமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அதே வித்து வைக்கோலில் ஓடியிருக்கிறது என்றால் வித்தில் கோளாறு இல்லை. ரப்பர் மரத்தூளும் சிப்பிக் காளானுக்கு நல்ல தீனிதான். தவிட்டின் அளவுக்கு ஏற்ற வேக்காடு இல்லாததுதான் பிரச்சினை.

மரத்தூளில் சத்து குறைவு. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறுக்கும் குறைவான பங்கு கார்பன் இருக்கும். மரத்தூளிலோ அது பல நூறு பங்கு. வெறும் மரத்தூளில் காளான் இழை (வித்திலிருந்து பரவும் வெள்ளை நூல்) பட்டினியோடு மெல்லத்தான் நகரும். அதற்காகத்தான் தவிடு சேர்க்கிறோம். ஆனால் நாம் வைக்கும் சாப்பாடு காளானுக்கு மட்டும் போய்ச் சேராது. தூளிலும் தவிட்டிலும் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதே பந்திதான். அவை காளானைவிடப் பல மடங்கு வேகமாகச் சாப்பிடும்.

வைக்கோலுக்கு 80 டிகிரி ஏன் போதுகிறது? அந்தச் சூட்டில் பூஞ்சைகள் பெரும்பாலும் சாகும். சூட்டைத் தாங்கும் சில நுண்ணுயிர்கள் மட்டும் மிஞ்சி, புதிதாக வருபவற்றைத் தடுக்கும் காவலாக நிற்கும். சத்து குறைவாக இருப்பதால் அவை காளானுக்குக் கெடுதல் செய்யும் அளவுக்குப் பெருகுவதில்லை. அங்கே தவிட்டைக் கொட்டினால் கதையே மாறிவிடுகிறது. கொதிநீரிலும் சாகாத பாக்டீரிய வித்துகள் முளைத்துப் பெருகும். உங்கள் 2 பையில் அடித்த புளித்த வாடை அதுதான். ஈரம் அதிகமானால் இன்னும் மோசம்.

பச்சை பிடித்தது பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சை. வேரழுகலுக்காக நாம் தோட்டத்தில் இடுகிற ட்ரைக்கோடெர்மா விரிடியின் இனமேதான். மற்ற பூஞ்சைகளைத் தின்று அழிப்பதால்தான் பயிருக்கு நண்பன். காளானும் ஒரு பூஞ்சை என்பதால் இங்கே எதிரி. விரிடி பாக்கெட்டைக் காளான் கொட்டகையில் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆகவே எவ்வளவு தவிடு என்று முடிவு செய்யும் முன், உங்களால் எவ்வளவு சூடு கொடுக்க முடியும் என்று பாருங்கள். வெந்நீர் மட்டும்தான் என்றால் தவிடே வேண்டாம், வைக்கோலோடு நிற்பது நல்லது. இட்லிக் கொப்பரை மாதிரி ஒரு டிரம்மில் தட்டு போட்டு ஆவியில் 8 முதல் 10 மணி நேரம் வேகவைக்க முடியுமானால் நூற்றுக்கு 10 பங்கு தவிடு வரை போகலாம். பையின் நடுப்பகுதி சூடேறவே வெகுநேரம் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 15, 20 பங்கு என்றால் குக்கர் கட்டாயம். 121 டிகிரியில் 2 மணி நேரம். 25 பங்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முதலில் குக்கரில் இரண்டே பை போட்டுப் பழகுங்கள். இரண்டு பைக்கும் சேர்த்துக் காய்ந்த மரத்தூள் 850 கிராம், புதிய தவிடு 140 கிராம், ஜிப்சம் 10 கிராம். அரிசித் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். அரிசி மில்லில் அன்றன்று வாங்குங்கள். பச்சைத் தடி அறுத்த தூளைக் காயவைத்து எடுங்கள். மேசை நாற்காலிப் பட்டறைத் தூள் வேண்டாம்: ரப்பர் பலகைக்குப் பூச்சி அரிக்காமலிருக்கப் போராக்ஸ் மருந்து ஏற்றுவார்கள். பிளைவுட் தூளில் பசை இருக்கும். தேக்குத் தூளோ தன்னிடமே பூஞ்சையை அண்டவிடாது. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் தூள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பை பாலிப்ரொப்பிலீன் பையாக இருக்க வேண்டும்; சாதாரண பாலிதீன் உருகிவிடும். வாயில் வளையம் மாட்டிப் பஞ்சு அடைத்து, பஞ்சு நனையாமல் மேலே காகிதம் கட்டுங்கள். பெரிய குக்கரின் அடியில் தட்டு வைத்துப் போதிய தண்ணீர் ஊற்றுங்கள். பை தண்ணீரிலும் படக்கூடாது, ஆவித் துளையையும் அடைக்கக் கூடாது. ஆவி சில நிமிடம் தாராளமாக வெளியேறிய பிறகே வெயிட்டைப் போடுங்கள். உள்ளே காற்று நின்றால் சூடு ஏறாது. அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து, வெயிட் மெல்லச் சீறிக்கொண்டே இருக்கும்படி 2 மணி நேரம். தண்ணீர் வற்றக்கூடாது. பிறகு திறக்காமல் இரவு முழுக்க ஆறவிடுங்கள்.

இதற்குப் பின் கவனம் இன்னும் கூட வேண்டும். இப்படி வேகவைத்த பை ஆளில்லாத வயல். முதலில் நுழைபவன் எடுத்துக்கொள்வான். வைக்கோலில் இருந்த காவல் இங்கே இல்லை. மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலை மூடி, கையைச் சானிடைசரால் துடைத்துவிட்டு, பை ஒன்றுக்கு 100 கிராம் வித்தைச் சட்டென்று கொட்டி மூடுங்கள். தவிட்டுப் பை இழை ஓடும்போது உள்ளுக்குள் சூடாகும், அதனால் அடுக்கி வைக்காமல் இடைவெளி விடுங்கள். உள்சூடு 35 டிகிரியைத் தாண்டினால் காளான் இழை சோர்ந்து, பச்சைக்கு வழி விடும்.

பச்சை பிடித்த 7 பையையும் கொட்டகைக்குள் பிரிக்காதீர்கள். ஒரு தட்டு தட்டினாலே லட்சக்கணக்கான பூஞ்சை வித்து பறக்கும். மூடியபடியே தூரமாகக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொட்டிப் புதைத்துவிடுங்கள்.

ஷிடேக் பற்றி: இதே கலவையில் இழை ஓடும். ஆனால் பை முழுக்கப் பரவிப் பழுப்பேறவே 2, 3 மாதம் ஆகும். மொட்டு விட 20 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் சரி, உங்கள் ஊரில் ஏசி அறைக்குச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சூட்டைத் தாங்கும் ரோஜா நிறச் சிப்பிக் காளானை முயன்று பாருங்கள்.

ரெய்ஷி என்கிற கனோடெர்மா காளானும் உங்கள் வெப்பத்துக்கு நன்றாக வரும் என்று யாராவது சொல்வார்கள். வருவது உண்மைதான். ஆனால் தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருவது கனோடெர்மா இனம்தான். வீட்டைச் சுற்றித் தென்னை இருந்தால் அதைத் தொடாதீர்கள். வளர்த்தே தீருவேன் என்றால், அறுவடை முடிந்த பையை மரத்தடியில் கொட்டாமல் எரித்துவிடுங்கள்.