சப்பறத்தன்று விழுந்த வாணமும் எரிந்த பனங்காணியும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கொடிகாமத்துக்கு அண்மையில் அம்மாவின் சீதனக் காணியில் இருக்கிறோம். போன ஆவணியில் சப்பறத் திருவிழாவன்று விட்ட ஈர்க்குவாணம் ஒன்று எங்கள் பனங்காணிக்குள் விழுந்தது. வடலிகள் என்கிற இளம் பனைகள், கிடுகு வேலி, ஆட்டுக் கொட்டில் எல்லாம் எரிந்துவிட்டன. பொலிஸில் "கோயில் விஷயம், கதைத்துத் தீருங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வருடமும் நோட்டீஸில் வாணவேடிக்கை என்று போட்டிருக்கிறார்கள். சட்டத்தில் எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. போன வருட நட்டத்துக்கு ஒரு வழி, இந்த வருடம் நெருப்பு வராமல் தடுக்க ஒரு வழி. இரண்டாவதற்கு நாள் குறைவு, ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

"எங்களிடம் பெர்மிட் இருக்கு" என்று கோயில்காரர் சொல்வார்கள். 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் வெடி செய்யவும் வைத்திருக்கவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சரி. ஆனால் விற்க ஒருவருக்குக் கிடைத்த அனுமதி, வாணத்தை உங்கள் காணிக்குள் விழவிட இன்னொருவருக்குக் கிடைத்த அனுமதி ஆகாது.

இன்றே கோயிலை நடத்தும் பரிபாலன சபைக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதேச செயலாளர், பொலிஸ் பொறுப்பதிகாரி, விதானையார் (கிராம அலுவலர்) மூவருக்கும் பிரதி போகட்டும். போன வருடம் நடந்ததைத் திகதியோடு எழுதுங்கள். திருவிழாவை நிறுத்தச் சொல்லவே வேண்டாம். நீங்களும் அதே கோயிலில் கும்பிடுகிறவர்கள்தானே. நிலத்தில் எரியும் பூவாணமும் சக்கரமும் போதும், உயரப் போகிற வாணம் வேண்டாம், வீதியில் ஒரு தண்ணீர் பவுசர் நிற்கட்டும் என்று கேளுங்கள். சோளகக் காற்று வீசுகிற மாதத்தில், மழை கண்டு எத்தனையோ நாளான மண்ணில், மரத்தோடு தொங்குகிற காவோலைக்கு ஒரு பொறி போதும். யாழ் மாநகர சபையின் தீயணைப்பு வாகனம் 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்து சேர்வதற்குள் வேலி இருக்காது. இது ஊருக்கே தெரிந்த விஷயம். கடிதம் கைக்குக் கிடைத்த பிறகு "தெரியாமல் நடந்துவிட்டது" என்று எவராலும் சொல்ல முடியாது.

அதற்கும் அசையவில்லை என்றால் சாவகச்சேரி நீதவான் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு, உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து வரக்கூடிய அவசர வேளையில் ஒரு செயலைச் செய்ய வேண்டாம் என்று கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. கட்டளை 14 நாள் வரை நிற்கும். திருவிழாவுக்கு அது போதும்.

இனிப் போன வருட நட்டம். காணி விஷயம் என்றதும் யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை என்று நினைப்போம். கவலையீனத்தால் வந்த நட்டத்துக்கு அது பொருந்தாது, பொருந்துவது உரோம டச்சுச் சட்டம். யார் மீது வழக்கு? வாணத்தைக் கொளுத்தியவர், பனங்காணிக்குப் பக்கத்தில் நின்று கொளுத்த விட்ட சபை, அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் தானே ஒழுங்கு செய்திருந்தால் அவரும். பலர் சேர்ந்து செய்த தவறு என்று நிரூபித்தால் முழு நட்டஈட்டையும் அவர்களில் எவரிடமிருந்தும் கேட்கலாம். காசை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்த உபயகாரரை நான் வழக்குக்குள் இழுக்கமாட்டேன். அயலில் வாழ வேண்டியவர்கள் நீங்கள்.

உங்கள் பக்கத்தையும் பாருங்கள். வேலியோரம் சருகும் காவோலையும் குவிந்து கிடந்தன என்று எதிர்த்தரப்புக் காட்டினால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் கவலையீனத்தின் அளவுக்கு நட்டஈடு குறையும். இந்த வருடம் இப்போதே துப்புரவாக்கிவிடுங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் சாட்சியத்தில். என்னிடம் வந்த ஒருவர், படம் எடுக்கும் முன்பே சாம்பலைக் கூட்டி அள்ளிவிட்டார். சாம்பலுக்குள் கிடந்திருக்கும் ஈர்க்கும், அதில் சுற்றிய பாதி கருகிய கடதாசிக் குழலும் அதோடு போய்விட்டன. எத்தனை சத்தியம் பண்ணினாலும் அந்த ஒரு துண்டுக்கு ஈடாகாது. உங்களிடம் அப்படி ஏதும் இல்லையென்றால் கோயில் எடுத்த வீடியோவைத் தேடுங்கள். வாணம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அதில் தெரியலாம், அழிபடுவதற்கு முன் பிரதி எடுத்து வையுங்கள். எரிந்த வடலிகளை விதானையாரோடு நின்று எண்ணி, அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பொலிஸுக்கும் மறுபடி போய் முறைப்பாட்டைப் பதியச் சொல்லி, பதிவு இலக்கத்தோடு திரும்புங்கள். அவர்கள் வழக்குப் போடாவிட்டால் முன்பு சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின்படி சட்டத்தரணி மூலம் நீதவானிடம் நீங்களே முறையிடலாம்.

நட்டம் பெரிய தொகை இல்லையென்றால் முதலில் இரு தரப்பையும் இருத்திப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குத்தான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை. இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு நீதிமன்றம் வரலாம். இதுபோன்ற கோயில் வழக்குகள் அங்கே தீர்வதைத்தான் நான் விரும்புவேன். ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டிருங்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இப்படியான நட்டத்துக்கு எரிந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். வருகிற ஆவணியோடு ஒரு வருடம் போய்விடும்.

காணி அம்மாவின் சீதனம் என்பதால் வழக்காளியாக அம்மாவின் பெயர் வர வேண்டும். சட்டத்தரணியிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு, காணி உறுதியையும் எடுத்துப் போங்கள்.