நடுக்கடலில் 'கேம்'

கேள்வி: அந்தக் காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் நடுக்கடலில் சந்தித்து அளவளாவுவதை 'கேம்' என்பார்களாம். நம் 'சங்கமம்' என்பதன் வால்தானே அது? தமிழன் தந்த சொல் என்று துணிந்து சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தயக்கமே இல்லை. தமிழ்ச் சொல் அல்ல என்று துணிந்தே சொல்கிறேன். நீங்கள் சாட்சிக்கு இழுத்த 'சங்கமம்' வடசொல். இரவல் நகையைப் போட்டுக்கொண்டா சீர்வரிசைப் பெருமை பேசுவது?

'கேம்' (gam) புழங்கியது அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு வேட்டைக்காரர்களிடம். 19ஆம் நூற்றாண்டில் பசிபிக்குக்குக் கிளம்பிய கப்பல் ஊர் திரும்ப மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆகும். சரக்குக் கப்பலுக்குச் சேருமிடம் உண்டு, அவசரம் உண்டு. இவர்களோ பீப்பாய்களில் திமிங்கில எண்ணெய் நிரம்பும்வரை அலைய வேண்டியவர்கள். இன்னொரு வேட்டைக் கப்பல் கண்ணில் பட்டால் விடுவார்களா? கப்பலை நிறுத்திப் படகை இறக்கிவிடுவார்கள். கேப்டன்கள் இருவரும் ஒரு கப்பலில், அவர்களுக்கு அடுத்த நிலை மேட்கள் இருவரும் மற்றதில். பிந்திப் புறப்பட்ட கப்பல் ஊர்க் கடிதங்களையும் பழைய செய்தித்தாள்களையும் கொடுக்கும்; ஊர் திரும்பும் கப்பல் கடிதங்களை வாங்கிக்கொள்ளும். திமிங்கிலம் எங்கே தென்பட்டது என்ற துப்பும் கைமாறும். (போட்டிக்காரனிடம் எவன் முழு உண்மை சொல்வான் என்பது வேறு கதை.) கேப்டனின் மனைவி உடன் வந்தால், அவரைப் படகில் இறக்கப் பீப்பாயை வெட்டிச் செய்த ஓர் இருக்கை, அதற்கும் 'கேம் நாற்காலி' என்றே பெயர். திமிங்கிலக் கூட்டத்தையும் 'கேம்' என்றார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் மெல்வில் 1851இல் வெளிவந்த 'மோபி டிக்' நாவலில் இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஜான்சன் அகராதியிலும் இல்லை, வெப்ஸ்டரிலும் இல்லை என்று அலுத்துக்கொண்டு, தானே விளக்கமும் எழுதிவிட்டார்.

பிறப்பு? அகராதிக்காரர்கள் 'இருக்கலாம்' என்றுதான் போடுகிறார்கள். வெட்டிப் பேச்சைக் குறித்த 'கேமன்' என்ற பழைய கொச்சைச் சொல்லின் குறுக்கம் என்பது ஒரு கட்சி. விளையாட்டைக் குறிக்கும் 'கேம்' (game; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து தொலைக்கிறது) வட்டார வழக்கில் திரிந்தது என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது. அந்தச் சந்திப்புகளில் நடந்தது பேச்சுதானே.

ஒலி ஒத்துப்போவதெல்லாம் சாட்சியாகாது. சாட்சி எப்படி இருக்கும் என்பதற்கு, ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆகிவிட்ட நம் 'கட்டுமரம்' இருக்கிறது. டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரைக்காரர்கள் தங்கள் மரத் தெப்பத்தை இப்படி அழைக்கிறார்கள் என்று 1697இல் வெளியான தன் பயண நூலில் எழுதிவைத்திருக்கிறார். நம் கரை, நம் பொருள், வந்து பார்த்தவரின் எழுத்து. 'கேம்' பற்றியும் அப்படி ஒரு வரி கிடைத்தால் அனுப்புங்கள்; அடுத்த இதழிலேயே போடுகிறேன்.