ஆவுளியாவும் பேய்க்கணவாயும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தொண்டிக்குப் பக்கத்தில். பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்புவது தொழில். போன மாதம் பையனின் பள்ளியில் கடல்பசுவை, எங்கள் பேச்சில் ஆவுளியாவை, பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவன் என் அம்மாவிடம், "அப்பத்தா, நீ ஆவுளியா கறி தின்னிருக்கியா?" என்று கேட்டுவிட்டான். அம்மா மறைக்கவில்லை. சின்ன வயதில் தின்றதுண்டு, ஒன்று பட்டால் தெருவுக்கே பங்கு வரும் என்றார். பையன் இரண்டு நாள் அவர் பக்கத்தில் படுக்கவில்லை.

அடுத்த வாரம் அவனே செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். பேய்க்கணவாய் ஒன்று ஜாடி மூடியைத் திருகித் திறக்கிறது. "இதுக்கு இவ்வளவு மூளையாம், நீங்க பெட்டி பெட்டியா ஐஸ் போடுறீங்களே" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா செய்தது குற்றம், நான் செய்வது தொழில். ஒன்று சாது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறது. மற்றது பார்க்கக் கோரம். வித்தியாசம் அவ்வளவுதானா? அறிவுள்ளதைத் தின்னக் கூடாது என்றால் நான் தொழிலை விட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

முதலில் உங்கள் அம்மா. அவருடைய சின்ன வயது என்றால் அநேகமாக அறுபதுகள். ஆவுளியாவைக் காக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972இல்தான். பாக் நீரிணைக் கரையில் பிறந்த ஒரு பிள்ளை, தெருவுக்கு வந்த பங்கைத் தின்றது. அன்றைக்கு அதில் குற்றம் ஏதுமில்லை. பையனிடம் இதை நீங்கள் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் காரணத்தில்தான் கோளாறு. ஆவுளியா சாது, கன்றை அணைத்துப் பால் கொடுக்கும், அந்தக் கால மாலுமிகள் அதைக் கடற்கன்னி என்று நினைத்தார்கள், ஆகவே கொல்லாதே என்கிறோம். இப்படிக் கற்ற பிள்ளையின் மனதில் அழகில்லாத உயிருக்கு இடமிருக்காது. ஆவுளியாவைத் தொடக் கூடாது என்பதற்கு உண்மையான காரணம் அதன் பிள்ளைப்பேறு. சினை 13, 14 மாதம். ஈற்றுக்கு ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டு ஆகலாம். மேயும் கடல்புல் செழித்து, நோய்நொடி இல்லாமல், எல்லாம் கூடிவந்தாலும் கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது. நூறு இருந்தால் அடுத்த ஆண்டு நூற்றைந்து. அந்த ஐந்தையும் பிடித்தால் பெருக்கம் நின்றுவிடும். ஏழு பிடித்தால் ஆண்டுக்கு ஆண்டு தேயும்.

ஆவுளியாவுக்கு உருவத்தில் பெரிய ஓர் உறவினம் இருந்தது. 1741இல் ரஷ்ய ஆய்வுப்பயணத் தலைவர் விட்டஸ் பேரிங்கின் கப்பல், ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சட்காவுக்குக் கிழக்கே ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்கி உடைந்தது. கூட இருந்த இயற்கையியலாளர் கியோர்க் ஸ்டெல்லர் அங்கே எட்டு மீட்டர் நீளமுள்ள கடல்பசுக்களைக் கண்டார். பேரிங் அங்கேயே இறந்தார். பட்டினியும் நோயுமாகக் கிடந்து மிஞ்சியவர்களுக்கு அடுத்த கோடையில் கடல்பசுக் கறிதான் தெம்பு கொடுத்தது. ஒன்று ஈட்டிபட்டால் மற்றவை வந்து கயிற்றை அறுக்கப் பார்க்கும் என்று ஸ்டெல்லர் எழுதியிருக்கிறார். கொன்று கரையில் போட்ட ஒரு பெண் பசுவைத் தேடி அதன் ஆண் இரண்டு நாள் தொடர்ந்து வந்ததாம். படிக்கும்போது நெஞ்சை அடைக்கிறது. ஆனாலும் அந்த மாலுமிகளை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பசித்தவர்கள் தின்றார்கள். பின்னால் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் ஊர் திரும்பிச் சொன்ன சேதி கேட்டு, ரோமத் தோல் வேட்டைக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். வழிச் சாப்பாட்டுக்கு இந்தப் பசு. 1768இல் கடைசியும் போயிற்று. உலகம் அதை அறிந்த 27 ஆண்டுக்குள் ஓர் இனமே முடிந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடையே டாரஸ் நீரிணைத் தீவுகளின் பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆவுளியாவை வேட்டையாடி வருகிறார்கள். சட்டமே அந்த உரிமையை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. தங்கள் தேவைக்குப் பிடித்துப் பங்கிட்டுக்கொள்ளலாம், சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. உலகிலேயே பெரிய ஆவுளியாக் கூட்டம் இன்றும் அந்தக் கடலில்தான் மேய்கிறது. உங்கள் தெருவில் பங்கு போட்டதும் அந்த வகைதான். ஆனால் பாக் நீரிணையில் மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். இங்கே இனி ஒன்றைக்கூடத் தின்ன முடியாது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது அதனால்தான். இந்தியாவில் இதுவே முதல்.

இன்று ஆவுளியா சாவது பெரும்பாலும் தின்பவர் கையால் அல்ல. அது மூச்சுக்கு மேலே வர வேண்டிய பிராணி. வலையில் சிக்கினால் சில நிமிடங்களில் மூச்சுமுட்டிச் செத்துவிடும். இழுவை மடி, அதாவது கடலடியில் இழுத்துப் போகும் வலை, அது மேயும் கடல்புல்லை வேரோடு வாரிக்கொண்டு போகிறது. அந்த மடியில் வரும் இறாலைத் தின்கிற நகரத்துக்காரர்களுக்கு, நான் உட்பட, உங்கள் அம்மாவைவிட இந்தச் சாவில் பங்கு அதிகம்.

இனி பேய்க்கணவாய். இங்கே கணக்கு வேறு. பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டு ஆண்டே ஆயுள். தாய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், சில இனங்கள் லட்சத்துக்கு மேலேயும் இடும். அளவோடு பிடித்தால் கடல் ஈடுகொடுக்கும். ஆனால் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவைதான் முட்டையிடும். பொந்துக்குள் முட்டைகளைக் காத்து, இரை எடுக்காமல் கிடந்து, அவை பொரியும் சமயத்தில் தாய் செத்துப்போகும்.

பையன் சொன்னது உண்மை. ஐரோப்பியக் கடல்களில் நன்கு ஆராயப்பட்ட இனத்துக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில். இந்தோனேசியாவில் ஓர் இனம் தேங்காய்ச் சிரட்டைகளைச் சுமந்துகொண்டு போய், வேண்டிய இடத்தில் கவிழ்த்து ஒளிந்துகொள்வதை 2009இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டம் கணவாய் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் அறிவுள்ளதைத் தின்னக் கூடாது என்ற விதியை நான் ஏற்கவில்லை. ஏற்றால் அறிவு குறைந்ததை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிடும். ஐந்தறிவு என்று சொல்லியே நாம் எத்தனை கொடுமைகளைப் பழகிக்கொண்டோம்! வலிக்கு ஜாடி திறக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரு உயிரைக் கொல்லலாமா என்பதை அதன் அறிவு எனக்குச் சொல்வதில்லை. அதை எத்தனை வழிகளில் வதைக்க முடியும் என்பதைச் சொல்கிறது. மட்டிச் சிப்பியைத் தொட்டியில் வளர்த்தால் அதற்குப் பெரிதாக ஒன்றும் குறையாது. பேய்க்கணவாய் தனியாகத் திரியும், துழாவும், பொந்து மாற்றும். அதைக் கூட்டத்தோடு கூட்டமாக வெறும் தொட்டியில் அடைத்தால் வாழ்நாள் முழுக்கச் சிறை. ஸ்பெயினின் நுவேவா பெஸ்கனோவா நிறுவனம் கேனரித் தீவுகளில் ஆண்டுக்கு 3,000 டன் என்று அப்படித்தான் பண்ணை போடத் திட்டம் வகுத்தது. அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2024இல் அத்தகைய பண்ணைகளைத் தடை செய்துவிட்டன. நம் கரைக்கு அப்படி ஒன்று வந்தால் எதிர்த்து நிற்பவர்களில் நானும் இருப்பேன். கடலில் தன் போக்கில் வாழ்ந்து ஒருநாள் உங்கள் பெட்டிக்கு வருவதும் அதுவும் ஒன்றல்ல.

ஆனால் அந்த ஒருநாளைப் பற்றியும் பேச வேண்டும். ஒருமுறை கரையில் பேய்க்கணவாய் சாவதைப் பார்த்தேன். கூடைக்குள் கிடந்தது. வெளுத்தது, கறுத்தது, மறுபடி வெளுத்தது. ஒரு கை கூடை விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் இருக்கும். யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னால் அதைத் தின்ன முடியவில்லை. இதை யாருக்கும் விதியாகச் சொல்ல மாட்டேன்.

தொழிலை விடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்களிடம் கொண்டுவந்து போடுகிறவர்களிடம் இரண்டு காரியம் கேட்கலாம். பிடித்த கையோடு கண்களுக்கு நடுவே ஒரே குத்து. பழகிய கைக்கு ஒரு நொடி. உயிரோடு ஐஸில் போட வேண்டாம். இரண்டாவது, சின்னதையும், பொந்தில் முட்டையோடு இருக்கும் தாயையும் எடுக்க வேண்டாம். அப்படிக் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டால் ஒரே பருவத்தில் பழகிவிடுவார்கள். கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நீங்கள் கொடுக்க வேண்டிவரலாம். கொடுங்கள்.

பையனை மறுபடி அப்பத்தா பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். அவர் சிறுமியாக இருந்தபோது ஆவுளியா எந்தப் பக்கம் மேய்ந்தது, எந்த மாதத்தில் கரையோரம் வந்தது, கன்றோடு வந்ததைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டு அவன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். எழுதி முடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.