ஹைனின் கோட்டுப் பொத்தான்கள்

அன்புள்ள ஐயா,

முக்கூடல் என் ஊர். கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கிறேன். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் தெருப் பெண்கள் படும் பாட்டைப் படமாக எடுத்து வைக்க ஆசை. “அதுக்கு எவன் துட்டு தருவான்?” என்கிறார் மாமா. பாளையங்கோட்டைக் கூட்டத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் பற்றிச் சொன்னீர்கள். அவருக்கு அது பிழைப்பாக இருந்ததா? அவர் படங்களால் ஏதாவது மாறியதா?

— முக்கூடல் வாசகர்

அன்புள்ள தம்பி,

துட்டு விஷயத்தில் மாமா பக்கம்தான் நான். ஹைன் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். அவரிடம் கேமரா கற்ற மாணவர்தான் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற பால் ஸ்ட்ராண்ட். 1908இல் பள்ளியை விட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக, வேலை பார்க்கும் பிள்ளைகளைப் படமெடுக்கப் போனார். 1930களில் அரசு நடத்திய பெரிய புகைப்படத் திட்டத்தில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. வீடும் கடனில் போயிற்று. 1940இல் வறுமையில் செத்தார். கல்யாண ஆர்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாறியதா என்றால், மாறியது. ஆனால் மெதுவாக. குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1916இல் வந்த சட்டத்தை 1918இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. எல்லாம் படத்தால் நடந்தது என்பது மிகை. படமில்லாமல் இருந்தால் இன்னும் இழுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு அவருடைய கேமராவைவிட நோட்டின் மேல்தான் மரியாதை. பஞ்சாலைக்குள் சும்மா விடமாட்டார்கள். பைபிள் விற்பவர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு என்று வேஷம் போட்டு நுழைவார். கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் போதும், உயரம் தெரிந்துவிடும். பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார். பெயர், வயது, வேலை நேரம், கூலி எல்லாம் அதில் இருக்கும். படம் பொய் என்று எந்த முதலாளியும் தப்பிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

நம் பக்கத்துப் படங்களில் எனக்கு எரிச்சல் இதில்தான். பனையேறி, உப்பளம், பத்தமடைப் பாய் என்று வெளிச்சமெல்லாம் பிரமாதமாக இருக்கும். கீழே ‘உழைப்பின் அழகு’ என்று ஒரு வரி. ஆள் யார், கூலி என்ன, ஒன்றும் இருக்காது.

உங்களுக்கு வேஷம் வேண்டாம், உங்கள் வீட்டுத் திண்ணைதான். ஆனால் கேமராவைத் தூக்கினால் “இரு, மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்” என்பார்கள். கழுவட்டும். தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அவர்களுக்கும் ஒரு எண்ணம் இருக்குமே, அதையும் எடுங்கள்.

மடியில் சுளவோடு இருக்கும் படங்கள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. சுற்றியதைப் பீடிக்கடையில் ஒப்படைக்கும் நேரத்துக்குப் போங்கள். சண்டையெல்லாம் அங்கேதான். எத்தனை பீடியைக் கழித்தார்கள், கொடுத்த இலை போதுமானதாக இருந்ததா, ஆயிரத்துக்குக் கையில் வந்தது எவ்வளவு, பாஸ்புத்தகம் யார் பேரில் இருக்கிறது? அம்மாவிடமே கேட்டு எழுத ஆரம்பியுங்கள். பெயர் வெளியே வந்தால் அடுத்த நாள் இலை கிடைக்காது என்று பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் பெயர் உங்கள் நோட்டோடு நிற்கட்டும்.

அப்புறம், எடுத்த வீட்டுக்கெல்லாம் ஒரு பிரிண்ட் கொடுத்துவிடுங்கள். கல்யாண ஆல்பத்தோடு சேர்த்துப் போட்டால் பெரிய செலவு வராது.