மழையில் குறைந்த ஐந்து மீட்டர்

அன்புள்ள ஐயா,

என் தங்கை பாலக்கோட்டில் பிளஸ் ஒன் படிக்கிறாள். 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சங்கிலிக்குண்டு எறிகிறாள். 3 கிலோ ஹேமர், வலக்கை. ஜூனில் 41 மீட்டர் போனவள் இப்போது 36-ஐத் தாண்டவில்லை. போட்டி மழையால் இரண்டு முறை தள்ளிப்போனது. எறியும் சிமென்ட் வட்டமான சர்க்கிளில் தண்ணீர் நின்றதால் இரண்டு மாதம் மண் தரையில்தான் சுற்றிப் பழகினாள். தெம்பு குறைந்துவிட்டது, 4 கிலோவுக்கு மாறினால் வலு ஏறும் என்கிறார் அப்பா. அவள் நோட்டில் உள்ள அளவுகள்: ஜூனில் உடம்பு சுற்றாமல், குண்டைத் தலைக்கு மேல் வீசும் ஸ்விங்கிலிருந்தே விட்டது 27 மீட்டர், ஒரு சுற்று 32, இரண்டு சுற்று 37, மூன்று சுற்று 41. இப்போது 27, 31.5, 34.5, 36. என்ன செய்யலாம்?

வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு அளவையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறாள் பாருங்கள், அதனால்தான் உங்களுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. சுற்றாமல் விடும் எறி அன்றும் 27, இன்றும் 27. தெம்பு குறையவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஜூனில் ஒவ்வொரு சுற்றும் 5, 5, 4 மீட்டர் சேர்த்தது. இப்போது 4.5, 3, 1.5. சுற்றச் சுற்ற இழப்பு கூடுகிறது. கோளாறு காலில்.

காரணம் அந்த மண் தரைதான். வலக்கைக்காரருக்கு இடது கால் குதிகாலில் தொடங்கி, பாதத்தின் வெளிவிளிம்பில் உருண்டு, முன்பாதத்தில் முடிய வேண்டும். ஈர மண்ணில் குதிகால் புதையும். அதைப் பிடுங்க உடம்பு தானாகவே குதிக்கப் பழகிவிடும். குதித்தால் வலது கால் அகலமாகப் போய்த் தாமதமாக ஊன்றும். குண்டுக்கு வேகம் ஏறுவது பெரும்பாலும் இரண்டு காலும் தரையில் இருக்கும்போதுதான். கால் ஊன்றுவதற்குள் குண்டு பாதி இறங்கிவிட்டால், விட்டதைப் பிடிக்கத் தோளாலும் முழங்கையாலும் இழுப்பாள். கை மடங்கும், குண்டு சுற்றும் வட்டம் சுருங்கும், வேகம் போகும். முதல் சுற்றில் சிறிதாகத் தெரியும் இந்தப் பிழை மூன்றாவதில் பெரிதாகிவிடுகிறது.

இனி மண்ணில் சுற்றவே வேண்டாம். ராகியும் புளியும் காயப்போடும் சிமென்ட் களம் ஊர்ப்பக்கம் இருக்குமே, அது போதும். சாக்பீஸால் நேர்கோடு போட்டு, குண்டு இல்லாமல், கைகளை முன்னால் கோத்து நீட்டியபடி கோட்டின் மேலேயே சுற்றிப் போகட்டும். ஐந்து சுற்று ஒரு தடவை. தலை கிறுகிறுத்தால் இரண்டில் தொடங்கலாம். ஆறு தடவை, வாரத்தில் நான்கு நாள். நீங்கள் பக்கவாட்டில் நின்று அவள் வலது காலை மட்டும் போனில் படம் பிடியுங்கள். முழங்கால்கள் நெருங்கியபடி வந்து கால் சட்டென்று ஊன்றுகிறதா, வெளியே வீசிப் போகிறதா என்பது தெரிந்துவிடும். ஷூவின் அடி வழவழப்பாக இருக்க வேண்டும். ஓட்டத்துக்கான ஷூவின் பள்ளங்கள் சிமென்டைப் பற்றிக்கொண்டு சுழற்சியைப் பாதியில் நிறுத்திவிடும், முழங்காலுக்கும் கெடுதல்.

அந்தச் சிமென்ட் களத்தில் குண்டை எடுக்கவே கூடாது. வலைக் கூண்டும் சர்க்கிளும் உள்ள மைதானத்தில் மட்டுமே எறிய வேண்டும், இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். வலக்கைக்காரர் சீக்கிரம் விட்டால் குண்டு வலப்பக்கமும், தாமதித்தால் இடப்பக்கமும் போகும். அதனால்தான் அவர்களுக்கு கூண்டின் முன்புற இடக்கதவை உள்ளே தள்ளி வைக்கிறோம். குண்டையும் கைப்பிடியையும் இணைக்கும் கம்பியை ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள். மடிப்போ நெளிவோ இருந்தால் மாற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் கட்டுக்கம்பி ஆகாது, குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே துண்டான ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி வேண்டும். பழகப் பழகக் கம்பி நீளும். கைப்பிடியின் உட்புறத்திலிருந்து குண்டின் மறுமுனை வரை 119.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் போட்டியில் குண்டைத் திருப்பிவிடுவார்கள்.

4 கிலோ இப்போது வேண்டாம். கனம் கூடினால் சுழற்சி மந்தமாகி, இழுக்கும் பழக்கம் இன்னும் ஊறிவிடும். 20 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போகும்போது அது எப்படியும் வரும். நான்காவது சுற்றும் வேண்டாம். 1986-இல் சோவியத் வீரர் யூரி செடிக் 86.74 மீட்டர் எறிந்து படைத்த ஆண்கள் உலக சாதனை மூன்று சுற்றில் வந்ததுதான்.

போட்டித் தேதி உறுதியாகும்வரை வாரம் இரண்டு நாள், நாளுக்கு இருபது எறி. அதில் பாதி ஒன்று, இரண்டு சுற்றோடு நிற்கட்டும். மூன்றாவது சுற்று மறுபடி 3 மீட்டராவது சேர்க்கும்வரை முழு வேகத்தில் எறியச் சொல்லாதீர்கள். தேதி வந்ததும் கடைசிப் பத்து நாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

அன்றும் மழை பெய்யலாம். சர்க்கிளில் மணலோ பவுடரோ தூவுவதற்கு விதியில் இடமில்லை. ஷூவின் அடியைத் துடைக்கச் சாக்குத் துணி கொண்டுபோங்கள். சுற்றும்போது கால் வழுக்குவதாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். குண்டு தரையில் பட்டாலும் ஃபவுல் இல்லை. வட்டத்துக்கு வெளியே கால் படாமல், கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் எறிந்தால் போதும்.