கம்போரோ டைட்டர்: ஒரே ரத்தத்துக்கு இரண்டு அறிக்கைகள் ஏன்?

கேள்வி: எங்கள் முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்திலேயே கம்போரோ என்னும் வைரஸ் நோய்க்கு எதிரான வெக்டர் தடுப்பூசி (அந்த வைரஸின் மரபணுவை வேறொரு வைரஸ் சுமந்துவரும் தடுப்பூசி) போடப்பட்டது. ஆறாம் வாரத்தில் எடுத்த ரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வகம் டைட்டர் (ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளின் அளவு) மிகக் குறைவு என்கிறது. மற்றொன்று நன்றாக இருக்கிறது என்கிறது. இரண்டாவது ஆய்வகத்தில் ஈஸ்ட்டில் தயாரித்த வைரஸ் புரதத்தைப் பயன்படுத்துகிறார்களாம். அதை நம்பலாமா? அதிலிருந்து நோய் பரவாதா?
– பண்ணையாளர், நாமக்கல் மாவட்டம்

பதில்: நோய் பரவ வழியே இல்லை. கம்போரோ வைரஸின் மேலுறையாக அமைந்த வி.பி.2 என்ற புரதத்துக்கான மரபணு மட்டுமே ஈஸ்ட்டுக்குள் செலுத்தப்படுகிறது. வைரஸ் பெருகத் தேவையான மற்ற மரபணுக்கள் அங்கே இல்லை. நோய் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் இப்புரதத்தின் வடிவத்தைப் பார்த்தே பற்றுகின்றன. பாக்டீரியாவில் தயாரித்தால் இது பெரும்பாலும் உருக்குலைந்து கட்டியாகிவிடும். ஈஸ்ட்டிலோ சரியாக மடிந்து, அறுபது அறுபதாகக் கூடி, உள்ளீடற்ற நுண்துகள்களாகத் திரள்கிறது. ஆயினும் கோழிகளின் ரத்தத்தில் ஈஸ்ட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் இருந்து, டைட்டரைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், புரதத்தை நன்கு சுத்திகரிக்காத சோதனைக் கிட்டை நான் ஏற்கமாட்டேன்.

எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனைத் தட்டின் 96 குழிகளிலும் அடியில் புரதம் பூசப்பட்டிருக்கும். சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) அதற்குரிய எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கழுவியபின் சேர்க்கும் கரைசலில் நிறம் ஏறும். தங்கள் குஞ்சுகளுக்குப் போட்டது வி.பி.2 மரபணுவைச் சுமக்கும் வான்கோழி ஹெர்பிஸ் வைரஸ் தடுப்பூசியாக இருந்தால், கம்போரோ வைரஸின் புரதங்களில் வி.பி.2-க்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டுமே அவற்றின் உடலில் உருவாகும். முதல் ஆய்வகம் பயன்படுத்தியிருக்கக்கூடிய, முழு வைரஸ் பூசிய தட்டு வி.பி.3 முதலிய பிற புரதங்களுக்கான எதிர்ப்பொருள்களையும் சேர்த்தே அளப்பதால், இத்தகைய குஞ்சுகளின் டைட்டரைக் குறைத்தே காட்டும். ஆகவே தடுப்பூசி பிடித்ததா என்பதற்கு இரண்டாவது அறிக்கையையே கொள்ளுங்கள். முதல் அறிக்கையை மட்டும் நம்பி, பதறி மறுபடி தடுப்பூசி போட வேண்டாம்.

ஆனால் முதல் அறிக்கையை எறிந்துவிடாதீர்கள். இடையில் உயிருள்ள கம்போரோ தடுப்பூசி எதுவும் கொடுக்காத நிலையில், வி.பி.2 டைட்டர் உயர்ந்தும் முழு வைரஸ் டைட்டர் தாழ்ந்தும் இருப்பது, கொட்டகைக்குள் வெளி வைரஸ் நுழையவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. இரண்டும் சேர்ந்து ஏறினால் கால்நடை மருத்துவரை அழைத்து, சில குஞ்சுகளின் பர்சாவை (இந்நோய் தாக்கும் நோயெதிர்ப்பு உறுப்பை) பரிசோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வாரத்துக்கு முன் எடுக்கும் ரத்தம் தாய்க்கோழி தந்த எதிர்ப்பொருளையே பெரிதும் காட்டும். அடுத்த முறையும் ஆறாம் வாரத்தில், கொட்டகைக்கு 20 கோழிகளிடம் ரத்தம் எடுத்து, தடுப்பூசியின் பெயரை எழுதிக்கொடுத்து, அதே கிட்டில் சோதிக்கக் கேளுங்கள். ஒரு கிட்டின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது.