பகலில் தூக்கம் நீடிக்கவில்லை

கேள்வி: இரண்டு மாதமாக இரவு 10 முதல் காலை 6 வரை வேலை. வந்து படுத்தால் 4 மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. லீவு நாளில் எல்லோரையும் போல இரவில் தூங்குகிறேன், அப்புறம் மறுபடியும் அவதி. என்ன செய்வது?

பதில்: இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. கண்ணில் வெளிச்சம் பட்டால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது குறைந்து, விடிந்துவிட்டது என்று உடம்பு முடிவு கட்டிவிடும். அதனால் வேலை முடிந்து வரும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு (தூக்கக் கலக்கத்தில் வண்டி மட்டும் ஓட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்), அறையைத் தடித்த திரையால் இருட்டாக்கி, போனை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள். காபி, டீ எல்லாம் ஷிப்டின் முதல் பாதியோடு சரி. அவற்றில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி 5, 6 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

உங்கள் உண்மையான சிக்கல் லீவு நாள்தான். அன்று முழுசாக இரவுத் தூக்கத்துக்கு மாறாமல், அதிகாலை 3 மணிக்குப் படுத்துப் பகல் 11 மணிக்கு எழுந்து பாருங்கள், உடம்பு அவ்வளவு குழம்பாது. சீக்கிரம் விழித்த நாளில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் தூங்கிக்கொள்ளலாம். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.